கப்பி மீன் தன் குட்டியைத் தின்னுமா? குட்டிகளைக் காப்பாற்றி வளர்க்க முழுமையான வழிகாட்டி

தின்னும். தாய் தின்னும், தகப்பன் தின்னும், போன மாதம் அதே தொட்டியில் பிறந்து கொஞ்சம் தலையெடுத்துவிட்ட அண்ணன் அக்காவும் தின்னும். ஆனால் பத்தில் எத்தனை போகும், எத்தனை நிற்கும் என்பது மீனின் குணத்தைவிடத் தொட்டியைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது, தொட்டியை எப்படி அமைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் விடியக்காலையில் போன் செய்தான். "மாமா, ராத்திரி டார்ச் அடிச்சு எண்ணுனேன், பதினெட்டு குட்டி இருந்துச்சு. இப்போ நாலுதான் இருக்கு. தாய் மீனே தின்னுட்டு மாமா." பன்னிரண்டு வயதுப் பையன், அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டடித் தொட்டி, அடியில் நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு பீங்கான் கோட்டை, அவ்வளவுதான். மிஞ்சிய நாலு குட்டிகளும் ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே பென்சில் கனத்துக்கு இருந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தத் தொட்டியிலேயே பெரிய மீன் நுழைய முடியாத இடம் அது ஒன்றுதான். பதினாலு போனதற்கும் நாலு பிழைத்ததற்கும் காரணம் அதிலேயே இருந்தது.

ஏன் தின்கிறது?

கப்பிக்குத் தன் குட்டி எது, தீனி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோழி குஞ்சை அணைப்பதுபோல, பசு கன்றை நக்குவதுபோல ஒரு பராமரிப்பு இந்த மீனுக்குக் கிடையாது. பிறந்த குட்டி ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், துள்ளித் துள்ளி நீந்தும். கொசுப்புழுவும் அந்த அளவுதான், அதே மாதிரிதான் நெளியும். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காகத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் எந்தக் குணத்துக்காக அதைக் கொண்டாடுகிறோமோ, அதே குணம்தான் குட்டியின் மேலும் பாய்கிறது.

அப்படியென்றால் காட்டில் இந்த இனம் எப்படி அழியாமல் இருக்கிறது? இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை, வெனிசுவேலா, டிரினிடாட் பக்கம். அங்கே ஓடைகளில் குட்டி பிறந்ததும் கரையோர ஆழமில்லாத தண்ணீருக்கு, புல்லும் வேரும் கிடக்கும் இடத்துக்கு ஓடிவிடலாம், பெரிய மீன் அங்கே அவ்வளவாக வராது. நம் கண்ணாடித் தொட்டியில் கரை ஏது? நாலு பக்கமும் சுவர். ஓடினாலும் திரும்பத் தாயின் வாய்க்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். (பெயரைப் பார்த்து, குப்பியில் வளர்ப்பதால் வந்த பெயர் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1866-ல் டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய லெச்மியர் கப்பி என்பவரின் பெயர் அது. ஆகவே தயவுசெய்து குப்பியில் அடைக்காதீர்கள்.)

பசிதான் காரணம் என்றால் நிறையத் தீனி போட்டால் போதுமே என்று தோன்றும். ஓரளவு உதவும், முழுக்க உதவாது. 1932-ல் பிரெடர், கோட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை எழுதிவைத்தார்கள். ஒரே மாதிரி இரண்டு தொட்டிகள். ஒன்றில் சினையாக இருந்த ஒரே ஒரு பெண் கப்பி, இன்னொன்றில் ஐம்பது மீன்கள். தீனிக்குக் குறைவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இரண்டு தொட்டியிலும் ஒன்பது ஒன்பது மீன்கள்தான் மிஞ்சியிருந்தன, ஒன்றிலிருந்து பெருகிய தொட்டியும் அங்கேதான் நின்றது, ஐம்பதிலிருந்து குறைந்த தொட்டியும் அங்கேதான் நின்றது. நெருக்கடி கூடக்கூட, பிறக்கும் குட்டிகள் உடனே வயிற்றுக்குள் போய்விடுகின்றன. எனவே உங்கள் தொட்டியில் ஏற்கனவே மீன் நிரம்பி வழிகிறது என்றால், எவ்வளவு தீனி கொட்டினாலும் குட்டி நிற்காது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற வேலைகள் எளிது.

முதல் வேலை: எப்போது குட்டி போடும் என்று கணிப்பது

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். சினைக்காலம் 21 முதல் 30 நாள். நம் ஊர் வெக்கையில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டியே கிடக்கும் மாதங்களில் சீக்கிரமாகவே போட்டுவிடும், மார்கழிக் குளிரில் கொஞ்சம் இழுக்கும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை உடம்பிலேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்து அடுத்தடுத்த ஈற்றுகளும் போடும். கடையில் தனிப் பெண்ணாக வாங்கிவந்தது எப்படிக் குட்டி போட்டது என்று யாரும் குழம்ப வேண்டாம். முதல் ஈற்றில் ஐந்தோ பத்தோதான் இருக்கும், வளர்ந்த பெரிய பெண் ஐம்பதுக்கு மேலும் போடும்.

பெண்ணின் வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவே அடியில் ஒரு கரும்புள்ளி தெரியும். சினை முதிர முதிர அது பெரிதாகிக் கறுக்கும். வெளிர்நிற மீனில் உள்ளே இருக்கும் குட்டிகளின் கண்கள்கூடப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். நாள் நெருங்கியதற்கு நான் நம்பும் அடையாளம் வயிற்றின் வடிவம்: உருண்டையாக இருந்த வயிறு பக்கவாட்டில் பார்க்கும்போது பெட்டிபோலச் சதுரமாகிவிடும். அப்புறம் தீனிக்கு வராமல் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும், ஆண் துரத்தினால் விலகிப் போகும், அவ்வப்போது உடம்பு லேசாக நடுங்கும். இவ்வளவும் தெரிந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ போட்டுவிடும்.

ஒருமுறை இரவு பத்து மணிக்குமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். குட்டி சுருண்ட உருண்டையாக, ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக வெளியே விழுகிறது. தரையைத் தொடுவதற்குள் விரிகிறது, ஒரு கணம் அப்படியே தொங்குகிறது, பிறகு அம்பு மாதிரி மேலே பாய்கிறது. தாய் திரும்பிப் பார்த்தது. முதல் குட்டி மேலே மிதந்த பாசிக்குள் புகுந்துவிட்டது. இரண்டாவது குட்டி கண்ணாடி ஓரமாக வெட்டவெளியில் போனது, தாய் இரண்டே துடுப்பு வீச்சில் எட்டிப் பிடித்து விழுங்கிவிட்டு, திரும்பி வந்து நின்று, அடுத்த குட்டியைப் போட்டது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த இரண்டு குட்டிகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு கைப்பிடிப் பாசி மட்டும்தான் என்பதை அன்றைக்குப் பார்த்த பிறகு, எனக்கு மீன்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

பிரீடிங் பாக்ஸ் வேண்டுமா?

கடையில் கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, நடுவே சல்லடைத் தட்டு, தாய் மேலே, குட்டி துளை வழியாகக் கீழே. என் அனுபவத்தில் இது கடைசி வழி. ஒரு சாண் இடத்தில் அடைபட்ட சினை மீன் பதறிப்போகும், அந்தப் பதற்றத்தில் நாள் ஆகாமலே குட்டி போட்டுவிடும். அப்படிப் பிறந்தவை வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு, நீந்த முடியாமல் அடியில் கிடக்கும், பாதிக்கு மேல் செத்துப்போகும். தாயும் போகக்கூடும். பெட்டிக்குள் தண்ணீர் ஓட்டமும் குறைவு.

வேறு வழியே இல்லை, தொட்டியில் வேறு பெரிய மீன்கள் இருக்கின்றன என்றால், வயிறு சதுரமான பிறகு மட்டும் போடுங்கள். உள்ளே ஒரு கொத்துப் பாசியும் போடுங்கள். குட்டி போட்டு முடித்ததும் தாயை வெளியே எடுத்துவிடுங்கள். ஒருநாளுக்கு மேல் அடைத்துவைக்க வேண்டாம்.

நான் சொல்லும் முறை: தனித்தொட்டி, நிறையப் பாசி

விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. இருபது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் போதும், கண்ணாடித் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது, குட்டியைப் பக்கவாட்டில் பார்க்கலாம். முக்கியமான விஷயம், புதுத் தண்ணீர் நிரப்பி அன்றைக்கே மீனை விடக் கூடாது. பெரிய தொட்டியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஃபில்டரை எடுத்து இதில் வையுங்கள், தண்ணீரில் பாதியையும் பழைய தொட்டியிலிருந்தே எடுங்கள். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஜில்தான் குடியிருக்கிறது. அது இல்லாத புதுத் தொட்டியில் குட்டிகள் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாகும், நாம் தாய் தின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

தண்ணீரைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். கப்பிக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். வாளியில் வெள்ளைக் கறை படியும் போர் தண்ணீரைப் பார்த்து, இது ஆகாது என்று ஒதுக்குகிறார்கள், கப்பி அதில் சந்தோஷமாக இருக்கும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சில சொட்டு விடுங்கள். ஹீட்டர் இங்கே அநேகமாகத் தேவைப்படாது. நமக்குச் சித்திரை வைகாசி வெயில்தான் பிரச்சினை. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். தொட்டியை மேற்குச் சுவரோரமோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலோ வைக்காதீர்கள், மதியத்தில் கரண்ட் போனால் ஏர் மோட்டார் நிற்கும் என்பதை நினைவில் வைத்து மீனின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள்.

இனி பாசி. இதில்தான் குட்டியின் உயிர் இருக்கிறது. ஜாவா மாஸ் கிடைத்தால் முதல் தரம், பஞ்சுபோல அடர்ந்து வளரும், குட்டி உள்ளே போனால் பெரிய மீனின் தலை நுழையாது. அது கிடைக்கவில்லை என்றால் நம் குளத்திலும் வாய்க்காலிலும் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் வேலம்பாசியே போதும். நட வேண்டாம், அப்படியே மேல்பரப்பில் மிதக்க விடுங்கள். பிறந்த குட்டி மேல்நோக்கித்தான் பாயும், அதனால் மறைவும் மேலேயே இருக்க வேண்டும். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடியிருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் தீனி போட இடம் விடுங்கள். நம் பக்கம் அமலை என்று சொல்கிற ஆகாயத்தாமரையின் வேரும் மிக நல்ல ஒளிவிடம், கறுப்புத் தாடிபோல இறங்கும் அந்த வேருக்குள் முப்பது குட்டிகள் தங்கும். ஆனால் அமலையைத் தொட்டிக்குள்ளேயே வையுங்கள். கூடுதலானதை வெயிலில் காயப்போட்டு உரக்குழியில் போடுங்கள், ஒரு செடியைக்கூடத் திரும்ப வாய்க்காலில் வீசாதீர்கள். ஆறும் குளமும் ஏற்கனவே அதனால் மூச்சு முட்டிக் கிடக்கின்றன.

குளத்துப் பாசியில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. எனக்கு ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுக்கக் காணாமல் போயின. தாயை முதல் நாளே எடுத்துவிட்டிருந்தேன், தொட்டியில் வேறு மீனே இல்லை. பாசியைத் தூக்கி வெள்ளைத் தட்டில் உதறியபோது, பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூச்சி ஊர்ந்தது, தட்டானின் இளம்புழு. அது தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, மறைந்திருந்து, தாடையை நீட்டிப் பிடித்துத் தின்னும். ஒரே பூச்சி ஒரு ஈற்றையே முடித்துவிட்டது. ஆகவே பாசியைக் கொண்டுவந்ததும் வெள்ளை வாளியில் நன்றாக அலசுங்கள், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் கரைத்துப் பத்து நிமிடம் முக்கி எடுங்கள், திரும்ப நல்ல தண்ணீரில் அலசி, தனி வாளியில் இரண்டு வாரம் போட்டுவைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதன் பிறகு தொட்டிக்குப் போகட்டும். அவசரப்படாதீர்கள்.

தாயை இந்தத் தொட்டிக்கு மாற்றுவதை, குட்டி போட ஒரு வாரம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் வலையால் துரத்துவது பிரீடிங் பாக்ஸில் அடைப்பதைப்போலத்தான். வலையைவிட ஒரு டம்ளரால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுப்பது நல்லது. இந்த ஒரு வாரமும் தாய்க்கு ஒருநாளைக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுங்கள், வயிறு காயாத தாய் குட்டியை அவ்வளவாகத் துரத்தாது. குட்டி போட்டு வயிறு ஒட்டியதும் அதைப் பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டால், தின்னும் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

தனித்தொட்டிக்கு இடமில்லாதவர்கள், இருக்கும் தொட்டியிலேயே பாசியை இதே அளவுக்கு அடர்த்தியாக்கி, மீனைக் குறைத்து, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வைத்தாலே ஒவ்வொரு ஈற்றிலும் கொஞ்சம் தானாகத் தேறிவரும். வீட்டில் அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு அதுவே போதும் என்பேன். எல்லாக் குட்டியும் பிழைத்தால் மூன்று மாதத்தில் தொட்டி கொள்ளாது.

காணாமல் போனதெல்லாம் தின்றது ஆகாது

பழி தாய்மேல் விழுகிறது, ஆனால் பாதி நேரம் குற்றவாளி ஃபில்டர். மோட்டார் வைத்த ஃபில்டர் குட்டியை உறிஞ்சிவிடும், திறந்து பார்த்தால் உள்ளே கிடக்கும், சில சமயம் உயிரோடும் இருக்கும். உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பான்ஜைச் சொருகுங்கள், அல்லது பழைய நைலான் துணியைக் கட்டுங்கள். தண்ணீர் மாற்றும்போதும் டியூபின் வாயில் துணியைக் கட்டி, வெளியேறும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து, கொட்டும் முன் ஒருமுறை பாருங்கள்.

தின்னப்பட்டதா, செத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிச்சமிருக்கும் குட்டிகளைப் பாருங்கள். சுறுசுறுப்பாக, பாசிக்குள்ளேயே பதுங்கி, பெரிய மீன் வந்தால் சிதறி ஓடினால், தின்னும் பிரச்சினை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தால், அல்லது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீர் கெட்டிருக்கிறது. அப்போது கால்வாசித் தண்ணீரை உடனே மாற்றுங்கள், தீனியை ஒருநாள் நிறுத்துங்கள்.

ஏஞ்சல், ஃபைட்டர், டைகர் பார்ப் மீன்களில் எது உடன் இருந்தாலும் குட்டி மிஞ்சாது, அதில் பேச ஒன்றுமில்லை.

குட்டிக்கு என்ன கொடுப்பது?

பிறந்த அன்றே தின்னும். வயிறு சின்னது, ஆகவே ஒருநாளைக்கு மூன்று நாலு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகையிலும் சின்னச் சிட்டிகை. பெரிய மீனுக்குப் போடும் தீனியை இரண்டு விரலுக்கு நடுவே மாவாக நசுக்கிப் போட்டாலே வளரும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும் கொடுக்கலாம், துளியூண்டு எடுத்துத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து, அந்தக் கலங்கலில் சில சொட்டு. கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

நல்ல வளர்ச்சி வேண்டுமென்றால் ஆர்டீமியாதான். இது உப்புத் தண்ணீரில் வாழும் ஒரு நுண்ணிய கூனி வகை, தூத்துக்குடி உப்பளங்களிலேயே உண்டு. இதன் முட்டை சின்ன டப்பாவில் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, கால் டீஸ்பூன் முட்டை, ஏர் டியூப் அடிவரை போக வேண்டும், பக்கத்தில் ஒரு பல்பு எரியட்டும். நம் ஊர்ச் சூட்டில் 24 மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறத்தில் புழுக்கள் கீழே திரளும். டியூபால் அதை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். அதைத் தின்ற குட்டியின் வயிறு ஐந்து நிமிடத்தில் ஆரஞ்சாகத் தெரியும், யாருக்குத் தீனி போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

இரண்டு நாளுக்கொருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தீனி அதிகம் போகும் தொட்டியில் கழிவும் அதிகம், தண்ணீரை மாற்றாத குட்டிகள் எத்தனை தின்றாலும் சின்னதாகவே நின்றுவிடும்.

எப்போது பெரிய தொட்டிக்கு விடலாம்?

நாள் கணக்கைவிட உடம்பைப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் வந்துவிட்டால் பெரிய கப்பியின் வாய்க்கு அடங்காது. நன்றாக வளர்ந்தால் ஐந்தாறு வாரம். ஆனால் அதற்கு முன்பே, நாலாவது வாரத்திலேயே ஆண் பெண்ணைப் பிரிக்க வேண்டும். ஆணுக்கு அடித்துடுப்பு விசிறியாக இருந்தது குறுகிக் குச்சிபோல நீளும், பெண்ணுக்கு விசிறியாகவே இருந்து கரும்புள்ளி தெரிய ஆரம்பிக்கும். பிரிக்காவிட்டால் முழு வளர்ச்சி அடையும் முன்பே சினைபிடித்து, பெண்கள் சவலையாகிப் போகும்.

எண்ணிக்கை பெருகும்போது அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், மீன் கடையில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுச் சிமெண்ட் தொட்டியில், மாட்டுத் தொட்டியில் கொசுப்புழுவுக்காக நாலைந்து விடலாம், தண்ணீர் வெளியே வழிந்து ஓடாத தொட்டியாக இருந்தால் மட்டும். குளத்திலோ வாய்க்காலிலோ ஆற்றிலோ விடாதீர்கள். இது வெளிநாட்டு மீன், எந்தத் தண்ணீரிலும் பிழைத்துப் பெருகும், நம் மீன்களின் குஞ்சையும் முட்டையையும் இதே வாயால்தான் தின்னும். நம் வாய்க்காலிலேயே தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல ஒரு சின்ன மீன் மேல்பரப்பில் நிற்கும், சின்ன வயதில் எல்லோரும் கையால் அள்ளிப் பிடிக்கப் பார்த்திருப்போம், அதுவும் கொசுப்புழுவைத் தின்னும் மீன்தான். அதற்குப் போட்டியாக நாம் ஒன்றைக் கொண்டுபோய் விட வேண்டாம்.

அக்கா மகனின் தொட்டியில் இப்போது நீலக்கல் தெரியாத அளவுக்கு வேலம்பாசி மிதக்கிறது. போன ஈற்றில் தாயை மாற்ற அவன் மறந்துவிட்டான், பள்ளியில் பரீட்சை. குட்டி போட்டு ஐந்து நாள் கழித்து எண்ணி எனக்குச் சொன்னான்: "மாமா, பதினொண்ணு தெரியுது, பாசிக்குள்ள இன்னும் எத்தனை கெடக்கோ தெரியல."